விந்தணுக் கவுண்ட் சரியாக இருந்தும் கரு தங்காதது ஏன்? ஒட்சியேற்ற அழுத்தமும் விந்தணுப் புரதங்களும்

எஸ்.எஃப்.ஏ. என்று லேப்களில் சொல்லப்படும் விந்துப் பரிசோதனை முக்கியமாக மூன்று கேள்விக்குப் பதில் தரும். விந்தணு எத்தனை இருக்கிறது, அதில் எத்தனை வீதம் நீந்துகிறது, எத்தனை வீதத்துக்கு உருவம் சரியாக இருக்கிறது. அந்த விந்தணுவுக்குள் உள்ள புரதங்கள் வேலை செய்யும் நிலையில் இருக்கின்றனவா என்ற நான்காவது கேள்விக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. அட்டன், நுவரெலியா, பதுளை, பண்டாரவளைப் பக்கம் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தம்பதிகள் குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "கவுண்ட் இருக்கிறதே, பிறகு ஏன் தங்கவில்லை?" என்ற கேள்வி ஒரு பக்கம். "அன்ரிஒக்சிடன்" என்று எழுதி மருந்துக்கடையில் விற்கும் விலை கூடிய போத்தல்கள் மறுபக்கம். இரண்டையும் விளங்கிக்கொள்ள ஒட்சியேற்ற அழுத்தம் என்ற ஒரே விஷயத்தை அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

கருத்தடை எதுவும் இல்லாமல், ஒழுங்காக உறவு வைத்தும் 12 மாதத்துக்குள் கரு உண்டாகாவிட்டால் அதைக் கருவளக் குறைபாடு என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. அந்த நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி உலகில் வளர்ந்தவர்களில் 17.5 வீதமானோர், அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவர், வாழ்நாளில் எப்போதாவது இதை எதிர்கொள்கிறார்கள். இந்தத் தம்பதிகளில் சுமார் பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணம் தனியாகவோ, பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது. அப்படியிருந்தும் லயத்திலும் ஊரிலும் முதல் கேள்வி மருமகளிடம்தான் போகிறது. பெண்ணுக்குரிய பரிசோதனைகள் மாதக்கணக்கில் இழுபடும், சில வலிக்கவும் செய்யும். ஆணுக்கான முதல் பரிசோதனையோ ஒரே நாளில் முடிந்துவிடும். அதைக் கடைசி வரை தள்ளி வைப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம்.

ஒட்சியேற்ற அழுத்தம் என்றால் என்ன?

உடம்பின் கலங்கள் ஒட்சிசனைப் பாவித்துச் சக்தி எடுக்கின்றன. இந்த வேலை இழைமணிகளில் நடக்கிறது. அங்கே இலத்திரன்கள் படிப்படியாகக் கைமாறிப் போய், கடைசியில் ஒட்சிசனோடு சேர்ந்து நீர் உண்டாகிறது. வழியில் நழுவும் இலத்திரன் ஒட்சிசனில் அரைகுறையாக ஒட்டிக்கொண்டால் சுப்பரொட்சைட்டு பிறக்கும். அதிலிருந்து ஐதரசன் பெரொட்சைட்டு வரும். பக்கத்தில் இரும்பு போன்ற உலோகம் இருந்தால், இன்னும் மூர்க்கமான ஐதரொட்சில் மூலிகமும் உண்டாகும். இவை எல்லாவற்றையும் சேர்த்துத் தாக்குதிறன் கூடிய ஒட்சிசன் வகைகள் என்பார்கள். இங்கே சுருக்கமாக "தாக்கும் ஒட்சிசன்" என்று வைத்துக்கொள்வோம்.

இவற்றை அடக்க உடம்பில் நொதியங்களும், விற்றமின் சி, ஈ, குளுட்டத்தியோன் போன்ற பொருள்களும் இருக்கின்றன. இவைதான் எதிரொட்சியேற்றிகள், போத்தலில் எழுதியிருக்கும் "அன்ரிஒக்சிடன்". தாக்கும் ஒட்சிசன் இவற்றின் கொள்ளளவை மீறிப் போகும் நிலையே ஒட்சியேற்ற அழுத்தம்.

தாக்கும் ஒட்சிசன் முழுக்க முழுக்கக் கெட்டது என்று நினைத்தால் மேற்கொண்டு எதுவும் விளங்காது. தேயிலைத் தொழிற்சாலையில் ரோலரில் கொழுந்து அரைபட்டதும் நொதியமும் ஒட்சிசனும் சேர்ந்து அதைச் செம்பு நிறமாக மாற்றும் வேலையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. அந்த ஒட்சியேற்றம் நடக்காவிட்டால் கறுப்புத் தேயிலையே கிடையாது. நேரத்துக்கு ட்ரையரில் போட்டு நிறுத்தாவிட்டால் சாயமும் மணமும் கெட்டுவிடும். விந்தணுவிலும் அளவுதான் முக்கியம். பெண்ணின் உடலுக்குள் போன பிறகு விந்தணு முட்டையைத் துளைக்கும் தகுதியைப் பெறச் சில மணி நேரம் எடுக்கும். அந்தப் பக்குவத்துக்கு, புரதங்களில் உள்ள தைரோசின் என்ற அமினோ அமிலத்தில் பொசுபேற்றுக் கூட்டங்கள் ஒட்ட வேண்டும். அதைத் தொடக்கிவிடுவதே சிறிய அளவிலான சுப்பரொட்சைட்டும் ஐதரசன் பெரொட்சைட்டும்தான். தாக்கும் ஒட்சிசனை முழுவதும் துடைத்துவிட்டால் விந்தணு நீந்தும், ஆனால் பக்குவப்படாது.

விந்தணுவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாதிப்பு?

ஒட்சிசன் கூடிய சூழலில் மனித விந்தணு அசைவை இழக்கிறது என்பதை ஜோன் மக்லியோட் 1943இலேயே காட்டினார். ஐதரசன் பெரொட்சைட்டை உடைக்கும் கற்றலேசு என்ற நொதியத்தைச் சேர்த்தபோது அந்த இழப்பு தடுக்கப்பட்டது. விந்தணு இவ்வளவு எளிதில் பாதிக்கப்படுவதற்கு மூன்று காரணம் உண்டு.

1. விந்தணுவின் மென்சவ்வில் இரட்டைப் பிணைப்புப் பல கொண்ட கொழுப்பமிலங்கள், குறிப்பாக மீன் எண்ணெயில் உள்ள டி.எச்.ஏ., மிக அதிகம். சவ்வு நெகிழ்ந்து வளைய அது வேண்டும். ஆனால் தாக்கும் ஒட்சிசன் முதலில் பற்றுவதும் அந்த இரட்டைப் பிணைப்புகளைத்தான். ஒரு கொழுப்பமிலம் பழுதானால் அது அடுத்ததைப் பழுதாக்கும்.

2. நீந்துவதற்காக விந்தணு தன் கலச்சாற்றில் பெரும்பகுதியை விதையிலேயே கழற்றிவிட்டு வருகிறது. எதிரொட்சியேற்றி நொதியங்கள் இருப்பது அந்தக் கலச்சாற்றில். ஆகவே பாதுகாப்புக்கு அது சுற்றியுள்ள விந்துப் பாயத்தையே நம்பி இருக்கிறது.

3. மூன்றாவது காரணமே இந்தக் கட்டுரையின் மையம். ஈரலிலோ தோலிலோ ஒரு புரதம் பழுதானால் கலம் அதை உடைத்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ளும். முதிர்ந்த விந்தணுவில் மரபணுக்கள் இறுகப் பொதிந்து மூடப்பட்டுவிட்டன, புரதம் செய்யும் இயந்திரமும் நின்றுவிட்டது. விதையை விட்டுக் கிளம்பும்போது என்ன புரதம் இருந்ததோ, வழியில் விதைப்பையின் சுருள்குழாய்ச் சுவரிலிருந்து என்ன ஒட்டிக்கொண்டதோ, அவ்வளவுதான் கடைசி வரைக்கும். பழுதுக்கு மாற்று இல்லை.

எந்தப் புரதத்துக்கு என்ன ஆகிறது?

மனித விந்தணுவில் இதுவரை 6000க்கும் மேற்பட்ட புரதங்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. ஒட்சியேற்றம் அவற்றை இரண்டு வழியில் தாக்குகிறது. ஒன்று நேரடித் தாக்குதல். சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் உள்ள கந்தகம் ஒட்சியேறும், தைரோசினில் நைத்திரோக் கூட்டம் ஏறும், லைசீன், ஆர்ஜினின் போன்றவற்றில் காபனைல் கூட்டம் உண்டாகும். கந்தக மாற்றங்களில் சிலவற்றை நொதியங்கள் திருப்பிச் சரிசெய்யும். காபனைல் ஏறிய புரதம் திரும்பி வராது. மற்றது சுற்றுவழி. சவ்வுக் கொழுப்பு உடையும்போது 4-ஐதரொட்சிநொனெனல் என்ற அல்டிகைட்டு வெளிவரும். இது புரதங்களில் போய் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். விந்தணுவைப் பொறுத்தவரை இந்தச் சுற்றுவழிதான் கூடிய சேதம் செய்கிறது.

1. இழைமணிப் புரதம். சக்சினேற்று டீஐதரசனேசு இலத்திரன் கைமாறும் சங்கிலியில் ஒரு கண்ணி. மேலே சொன்ன அல்டிகைட்டு அதில் ஒட்டினால் சங்கிலி சரியாக ஓடாது, இலத்திரன் கூடுதலாகக் கசியும். கசியும் இலத்திரன் மேலும் சுப்பரொட்சைட்டு ஆகும், அது மேலும் சவ்வை உடைக்கும், மேலும் அல்டிகைட்டு வரும். இப்படி ஒரு சிறிய தொடக்கம் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து வந்த காரணம், காய்ச்சலோ புகையோ, நின்ற பிறகும் அந்தத் தொகுதி விந்தணுவில் சேதம் தொடர்வது இதனால்தான்.

2. குளுக்கோசை உடைக்கும் நொதியம். மனித விந்தணுவின் வால் ஓடுவதற்கான சக்தியில் பெரும் பங்கு வால் உறையிலேயே குளுக்கோசை உடைப்பதால் கிடைக்கிறது. அதில் முக்கியமான ஒரு நொதியம் விந்தணுவுக்கே உரியது. அதன் வேலை செய்யும் இடத்தில் ஒரு சிஸ்டீன் இருக்கிறது. ஐதரசன் பெரொட்சைட்டு அந்தச் சிஸ்டீனை ஒட்சியேற்றினால் நொதியம் நின்றுவிடும். எலிகளில் இந்த நொதியத்தின் மரபணுவை நீக்கியபோது விந்தணு உருவானது, ஆனால் நீந்தவில்லை.

3. வாலின் சட்டகம். தியூபியூலின் என்ற புரதக் குழாய்களும், அவற்றை ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி ஓடச் செய்யும் டைனீன் என்ற மோட்டார்ப் புரதமும் வாலை அசைக்கின்றன. வால் உறையில் ஏ.கே.ஏ.பி.4 என்ற புரதம் கட்டளை நொதியங்களை அதனதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கிறது. இவற்றில் ஒட்சியேற்றப் பழுது சேர்ந்தால் அறிக்கையில் "முன்னோக்கி நீந்துபவை" என்ற வீதம் குறையும். எஸ்.எஃப்.ஏ.யில் நேரடியாகக் கண்ணுக்குத் தெரியும் ஒட்சியேற்றச் சேதம் பெரும்பாலும் இதுதான்.

4. முட்டையோடு ஒட்டும் புரதங்கள். எச்.எஸ்.பி.ஏ.2 என்பது மற்றப் புரதங்களைச் சரியாக மடித்து இடத்தில் நிறுத்தும் உதவிப் புரதம். முட்டையின் வெளியுறையைப் பற்றிக்கொள்ளும் புரதங்களை விந்தணுத் தலையின் மேற்பரப்புக்குக் கொண்டுவர இது வேண்டும். அல்டிகைட்டு இதில் ஒட்டினால் விந்தணு முட்டை வரைக்கும் போகும், ஆனால் ஒட்டாது. எண்ணிக்கையும் அசைவும் சரியாக இருந்தும் கரு தங்காத சிலரிடம் இந்தப் படியில் கோளாறு இருக்கலாம். சாதாரண நுணுக்குக்காட்டியில் இது தெரியாது.

5. டி.என்.ஏ.யைப் பொதி கட்டும் புரதமின்கள். விந்தணுத் தலையில் வழக்கமான இஸ்டோன் புரதங்களில் 85 வீதத்துக்கு மேற்பட்டவை நீக்கப்பட்டு, புரதமின் என்ற சிறிய புரதங்கள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. அவற்றின் சிஸ்டீன்களுக்கிடையே கந்தகப் பாலங்கள் உண்டாகிப் பொதி இறுகுகிறது. இந்தப் பாலம் கட்டுவதே ஒரு ஒட்சியேற்ற வேலை. செலீனியம் கொண்ட குளுட்டத்தியோன் பெரொட்சிடேசு 4 என்ற நொதியம் அதைச் செய்கிறது. அதே நொதியம் வாலின் நடுப்பகுதியில் இழைமணிகளைச் சுற்றி உறையாகவும் நிற்கிறது. செலீனியம் கிடைக்காத எலிகளில் விந்தணு வால் அந்த இடத்தில் முறிந்துபோவது இதனால்தான். பொதி தளர்வாக இருந்தால் தாக்கும் ஒட்சிசன் டி.என்.ஏ. வரைக்கும் போய் இழைகளை அறுக்கும். விந்தணுவிடம் அதைத் திருத்தும் வழியில் முதல் படி மட்டுமே உண்டு, மீதியை முட்டைதான் செய்ய வேண்டும். முட்டையால் ஓரளவுக்குத்தான் முடியும். பெண்ணின் வயது கூடக் கூட அந்தத் திறன் குறைகிறது. திரும்பத் திரும்பக் கரு கலையும் தம்பதிகளில் ஆணின் டி.என்.ஏ. முறிவையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

தாக்கும் ஒட்சிசன் எங்கிருந்து வருகிறது?

விந்துக்குள்ளேயே இரண்டு ஊற்று உண்டு. ஒன்று வெண்குருதிக் கலங்கள். கிருமியைக் கொல்ல அவை தாக்கும் ஒட்சிசனை வேண்டுமென்றே உற்பத்தி செய்கின்றன, விந்தணு செய்வதைவிடப் பல மடங்கு கூடுதலாக. மற்றது கலச்சாற்றைச் சரியாகக் கழற்றாமல் வந்த முதிராத விந்தணுக்கள். இவை இரண்டையும் கூட்டிவிடும் வெளிக் காரணங்களில் மலையகத்தில் பார்க்க வேண்டியவை கீழே.

வரிக்கோசீல். விதைப்பையில் நாளங்கள் புடைத்து முறுக்கேறியிருக்கும் நிலை, பெரும்பாலும் இடது பக்கம். பொதுவாக ஆண்களில் சுமார் 15 வீதமானோருக்கும், கருவளக் குறைபாட்டுக்காக வரும் ஆண்களில் 35 முதல் 40 வீதம் வரையானோருக்கும் இருக்கிறது. குருதி தேங்கி விதை சூடேறும், ஒட்சிசன் வழங்கல் குழம்பும், தாக்கும் ஒட்சிசன் கூடும். வைத்தியர் ஆளை நிற்கவைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லிக் கையால் தொட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் தெரியும். வெட்கத்தால் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவது வீண். கையில் தட்டுப்படும் வரிக்கோசீலும் பழுதான எஸ்.எஃப்.ஏ.யும் சேர்ந்து இருந்தால் சத்திரசிகிச்சையால் பலருக்கு முன்னேற்றம் வருகிறது. ஒட்சியேற்ற அளவீடும் டி.என்.ஏ. முறிவும் குறைகின்றன. முன்னேற்றம் தெரிய 3 முதல் 6 மாதம் பிடிக்கும்.

வெப்பம். விதை உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 பாகை குறைவாக இருக்க வேண்டும். நுவரெலியாக் குளிர் இதைக் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம், விதைப்பையின் வெப்பத்தை முடிவு செய்வது உடுப்பும் உட்காரும் விதமும் வேலையிடமும். ட்ரையர், போய்லர் பக்கம் முழு ஷிப்ட் நிற்பவர்கள், கொழும்பில் பேக்கரிப் போறணையிலும் ஹோட்டல் அடுப்பிலும் வேலை செய்யும் இளைஞர்கள், நாள் முழுக்கத் திரீவீலில் உட்கார்ந்திருப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். மணிக்கு ஒரு முறை எழுந்து நடப்பது, இறுக்கமில்லாத பருத்தி உள்ளாடை, மடியில் லெப்டொப் வைக்காதிருப்பது, இவை செலவில்லாத திருத்தங்கள். காலையில் சுடுதண்ணீர் ஊற்றிக் குளிப்பதால் கேடில்லை, சுடுநீர்த் தொட்டியில் நீண்ட நேரம் அமர்ந்திருப்பதுதான் கேடு. 39 பாகைக் காய்ச்சல் சில நாள் இருந்தாலும் அடுத்த இரண்டு மூன்று மாத விந்தணு கெடும். டெங்கு வந்து போன அடுத்த மாதம் எடுத்த எஸ்.எஃப்.ஏ.யை நம்பி முடிவு எடுக்கக் கூடாது.

மருந்து அடிக்கும் வேலை. பூச்சிகொல்லி வேலை செய்யும் ஆண்களின் விந்தணுவைப் பாதிக்கலாம் என்பது 1977இல் கலிபோர்னியாவில் டீ.பீ.சீ.பீ. என்ற இரசாயனத்தைத் தயாரித்த தொழிலாளர்களிடம் உறுதியாகத் தெரிந்தது. இன்று பாவிக்கப்படும் மருந்துகள் வேறு, ஒவ்வொன்றின் பாதிப்பும் வேறு. ஆர்கனோபொஸ்பேட்டு வகைகள் ஒட்சியேற்ற அழுத்தத்தைக் கூட்டுகின்றன என்பதற்கு நல்ல சான்று உண்டு. தோட்டத்திலும், கந்தப்பளை, வெலிமடைப் பக்க மரக்கறித் தோட்டங்களிலும் மருந்து அடிப்பவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்கிறார்கள். உண்மையில் கூடுதல் மருந்து உள்ளே போவது தோல் வழியாக. 1971இல் பரத்தியன் என்ற பூச்சிகொல்லியை வைத்து அளந்தபோது முன்கையில் பட்டதில் 9 வீதத்துக்குக் குறைவாகத்தான் உறிஞ்சப்பட்டது. விதைப்பைத் தோலில் பட்டது ஏறக்குறைய முழுவதும் உள்ளே போனது. முதுகில் மாட்டிய டாங்கி மூடியில் கசிந்தால் மருந்து முதுகு வழியே இறங்கிக் காற்சட்டையை நனைக்கும். அந்த ஈரத்தோடு மாலை வரை வேலை செய்வதுதான் மிக மோசமான பழக்கம். செய்ய வேண்டியவை:

1. நிரப்புமுன் மூடியின் வாஷரையும் குழாய்ப் பொருத்துகளையும் வெறும் தண்ணீரால் சோதித்துப் பார்ப்பது.
2. முதுகுக்கும் டாங்கிக்கும் இடையே, இடுப்புக்குக் கீழே இறங்கும்படி, பொலித்தீன் அல்லது ரெக்சின் விரிப்புக் கட்டுவது. காற்சட்டையை பூட்ஸுக்கு வெளியே விடுவது.
3. கலக்கும்போது கட்டாயம் கையுறை போடுவது. நீர் சேர்க்காத மருந்தைத் தொடும் நேரமே ஆபத்துக் கூடியது.
4. நனைந்தால் உடனே கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவுவது. அந்தக் கையோடு சிறுநீர் கழிக்கப் போகாதிருப்பது.
5. மருந்து உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்துத் துவைக்காதிருப்பது. துவைப்பது பெரும்பாலும் மனைவி என்பதால் அவருக்கும் அது படும்.

புகை, சாராயம், வெற்றிலை. சிகரெட்டும் பீடியும் விந்தில் வெண்குருதிக் கலங்களைக் கூட்டி, விற்றமின் சி.யைக் குறைத்து, கட்மியத்தையும் கொண்டுவந்து சேர்க்கின்றன. நாளாந்தம் கூடுதலாகக் குடிப்பது, கசிப்பானாலும் சரி போத்தல் சாராயமானாலும் சரி, ஈரலையும் விதையையும் ஒன்றாகக் கெடுக்கும். பாக்கிலுள்ள அரிக்கொலின் ஆய்வுகூடச் சோதனைகளில் விந்தணு அசைவைக் குறைத்திருக்கிறது. வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்தால் நிக்கொட்டினும் சேர்ந்தே போகும்.

தொற்று, நீரிழிவு, உடற்பருமன் ஆகியவையும் இதே பாதையில்தான் சேதம் செய்கின்றன. குருதிச் சீனியைப் பார்க்காமல் கருவளச் சிகிச்சை தொடங்குவது அரைவேலை. ஜிம்மில் உடல் ஏற்றப் போடும் டெஸ்டொஸ்டெரோன் ஊசியின் பாதை வேறு. அது மூளையிலிருந்து விதைக்குப் போகும் கட்டளையை நிறுத்தி, விந்தணு உற்பத்தியையே முடக்கிவிடும்.

மலை உயரத்தில் ஒட்சிசன் குறைவதால் இப்படி ஆகிறதா என்று சிலர் கேட்பதுண்டு. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உயரத்தால் விந்தணு குறைந்ததாகக் காட்டிய ஆய்வுகள் பெரும்பாலும் இதைவிட மிக உயரமான இடங்களுக்குப் போனவர்களிடம் செய்யப்பட்டவை.

எஸ்.எஃப்.ஏ. கொடுப்பதும் வாசிப்பதும்

மலையகத்தில் தவறான அறிக்கை வருவதற்கு ஒரு பெரிய காரணம் தூரம். விந்து எடுத்து 30 நிமிடத்துக்குள் லேப்புக்குப் போக வேண்டும், எப்படியும் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 20 பாகைக்குக் கீழே குளிரக் கூடாது. தோட்டத்திலிருந்து பஸ் ஏறி, காலைக் குளிரில் கையில் பிடித்தபடி ஒன்றரை மணி நேரம் கொண்டுபோன மாதிரியில் அசைவு குறைவாகத்தான் காட்டும். அது நோயின் அறிகுறி என்று எடுக்க முடியாது. முடிந்தவரை லேப்பிலேயே கொடுங்கள். பக்கத்தில்தான் வீடு என்றால் போத்தலைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டிக் கொண்டுபோங்கள்.

உறவோ வெளியேற்றமோ இல்லாமல் 2 முதல் 7 நாள் இருந்து கொடுக்க வேண்டும். ஆணுறையில் எடுக்கக் கூடாது. எண்ணெய், சவர்க்காரம் பாவிக்கக் கூடாது. முதல் துளிகளில்தான் விந்தணு அடர்த்தி அதிகம் என்பதால் அவை சிந்தியிருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 பதிப்பில் கீழ் எல்லைகள் இவை: அளவு 1.4 மில்லிலீற்றர், மில்லிலீற்றருக்கு 16 மில்லியன் விந்தணு, மொத்தம் 39 மில்லியன், மொத்த அசைவு 42 வீதம், முன்னோக்கி நீந்துபவை 30 வீதம், உயிருள்ளவை 54 வீதம், சரியான உருவம் 4 வீதம். ஒரு வருடத்துக்குள் தந்தையானவர்களை அளந்து, அவர்களில் கடைசி 5 வீதத்தினர் நின்ற இடத்தில் போட்ட கோடு இது. கோட்டுக்குக் கீழே இருப்பவரும் தந்தையாகலாம், மேலே இருப்பவருக்கும் தடங்கல் வரலாம். உருவம் 4 வீதம் என்று பார்த்துவிட்டு 96 வீதமும் கெட்டுப்போனதாக அழுவதற்கு இதில் எதுவும் இல்லை.

"பஸ் செல்ஸ்" (சீழ்க் கலங்கள், அதாவது வெண்குருதிக் கலங்கள்) என்று எழுதியிருக்கும் வரியைத் தனியாகப் பாருங்கள். வட்டமான கலம் எல்லாம் வெண்குருதிக் கலம் ஆகாது, முதிராத விந்தணுக் கலமும் அப்படியே தெரியும். பெரொட்சிடேசுச் சாயம் போட்டால்தான் பிரித்தறியலாம். அப்படிப் பார்த்து மில்லிலீற்றருக்கு 1 மில்லியனைத் தாண்டினால் தொற்றைத் தேட வேண்டும். கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்யாமல், அந்த ஒரு வரியைப் பார்த்து மட்டும் அன்ரிபயோட்டிக் தொடங்குவது சரியில்லை. பாலியல் நோய்க்கான அரச கிளினிக்குகளில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம், இரகசியமும் காக்கப்படும்.

முதல் அறிக்கை பழுது என்றால் சில வாரம் கழித்து இன்னொன்று எடுத்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். டி.என்.ஏ. முறிவுப் பரிசோதனை எல்லோருக்கும் முதலிலேயே தேவையில்லை. கரு திரும்பத் திரும்பக் கலைந்தவர்களுக்கும், காரணமே தெரியாதவர்களுக்கும் அது பயன்படும். பொதுவாக 30 வீதத்துக்கு மேல் போனால் அதிகம் என்று கொள்கிறார்கள். மேலே விவரித்த புரதப் பழுதுகளைத் தனித்தனியாக அளப்பது இன்னும் ஆய்வுகூடங்களுக்குள்தான் இருக்கிறது. அப்படி அளந்து தருவதாகச் சொல்லும் விளம்பரங்களுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

மாத்திரை வேலை செய்யுமா?

தாக்கும் ஒட்சிசன் கேடு, எனவே எதிரொட்சியேற்றி மருந்து என்ற கணக்கு கேட்க நேராகத் தெரிகிறது. பரிசோதித்துப் பார்த்தபோது அப்படி வரவில்லை. அமெரிக்காவில் 2370 ஆண்களிடம் செய்து 2020இல் வெளியான பெரிய ஆய்வில், 6 மாதம் தினமும் 5 மில்லிகிராம் போலிக் அமிலமும் 30 மில்லிகிராம் நாகமும் (சிங்க்) கொடுத்தார்கள். குழந்தை பிறந்தது மருந்து எடுத்தவர்களில் 34 வீதம், மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 35 வீதம். டி.என்.ஏ. முறிவு மருந்து எடுத்தவர்களிடம் சற்றுக் கூடவே இருந்தது. விற்றமின் சி, ஈ, செலீனியம், கார்னிற்றின், லைகொபீன் எல்லாம் கலந்து 171 ஆண்களிடம் பார்த்த இன்னொரு ஆய்வும் அதே வருடம் வந்தது. 3 மாதத்தில் எண்ணிக்கையிலோ அசைவிலோ டி.என்.ஏ.யிலோ முன்னேற்றம் இல்லை. சிறிய ஆய்வுகள் சிலவற்றில் பலன் தெரிந்திருக்கிறது, ஆனால் அவற்றின் தரம் பலவீனமானது.

ஏன் இப்படி? விந்தணு பக்குவப்படச் சிறிதளவு தாக்கும் ஒட்சிசன் வேண்டும், புரதமின் பாலங்கள் கட்டவும் ஒட்சியேற்றம் வேண்டும் என்று மேலே பார்த்தோம். அளவுக்கு மீறிய எதிரொட்சியேற்றி அந்தப் பாலங்களையே தளர்த்தலாம். 2007இல் வெளியான ஒரு ஆய்வில் விற்றமின் கலவை எடுத்தவர்களிடம் டி.என்.ஏ. முறிவு குறைந்தது, ஆனால் பொதி தளர்வு கூடியது. இன்னொன்று, ஒட்சியேற்ற அழுத்தமே இல்லாதவருக்கும் மாத்திரை கொடுத்தால் அது திருத்த எதுவும் இருக்காது. வரிக்கோசீலோ தொற்றோ புகையோ இருக்கிறவருக்கு, ஊற்றை அடைக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்துப் பயனில்லை.

வைத்தியர் காரணம் பார்த்து எழுதித் தந்தால் எடுங்கள். கடையில் நீங்களாக வாங்கி இரண்டு மூன்று போத்தலைச் சேர்த்து விழுங்க வேண்டாம். நாகம் நாளுக்கு 40 மில்லிகிராமையும், செலீனியம் 400 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. வெவ்வேறு பெயரில் இரண்டு போத்தல் எடுத்தால் இந்த எல்லையை அறியாமலே கடந்துவிடலாம்.

சாப்பாட்டில் இந்தச் சிக்கல் இல்லை. ஒரு பெரிய கொய்யாவில் ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவையான 90 மில்லிகிராம் விற்றமின் சி.யும் அதற்கு மேலும் உண்டு. நெத்தலி, சாளை, டின் மீன் ஆகியவற்றில் டி.எச்.ஏ.யும் செலீனியமும் கிடைக்கும். பருப்பு, கடலை, முட்டை, கீரை, மரக்கறி போதும். போஞ்சியும் லீக்ஸும் விளையும் இடத்தில் இருந்துகொண்டு ரொட்டியும் சம்பலுமாக நாளை ஓட்டுவதுதான் மாற வேண்டியது. சம்பளத்தில் எது முடியுமோ அதை வைத்துத்தான் இதைச் சொல்ல முடியும். அதனால்தான் போத்தலுக்குப் போகும் பணம் மீனுக்கும் முட்டைக்கும் போக வேண்டும் என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்று மாதமும், கொழும்பு வேலையும்

விதையில் ஒரு விந்தணு உருவாக 64 முதல் 74 நாள் வரை ஆகும். பின்னர் சுருள்குழாயைக் கடக்க இன்னும் சுமார் 10 முதல் 14 நாள். புகையை இன்று நிறுத்தினால் முழுப் பலன் தெரியும் எஸ்.எஃப்.ஏ. மூன்று மாதம் கழித்து எடுப்பதுதான். மூன்றாம் வாரத்தில் பரிசோதித்துவிட்டு "நிறுத்தியும் பலனில்லை" என்று திரும்பவும் தொடங்குபவர்கள் பலர்.

சுருள்குழாயில் கூடுதல் நாள் தேங்கிய விந்தணுவில் ஒட்சியேற்றச் சேதமும் கூடும். உறவு இல்லாமல் நாட்களைச் சேர்த்து வைத்தால் "பலம்" கூடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சேர்வது எண்ணிக்கை மட்டும், தரம் இறங்கும். இது மலையகத்தில் பெரிய விஷயம், ஏனென்றால் கணவர் கொழும்பில் கடையில் வேலை செய்து மாதத்துக்கு ஒரு முறையோ தீபாவளிக்கும் பொங்கலுக்குமோ வரும் குடும்பங்கள் ஏராளம். அந்தத் தம்பதிகள் மூன்று வருடம் ஆகியும் 12 மாத ஒழுங்கான உறவு என்ற கணக்கையே எட்டியிருக்க மாட்டார்கள். அவர்களைக் கருவளக் குறைபாடு உள்ளவர்கள் என்று எழுதிவிடுவதும் தவறு, மருமகளைப் பேசுவதும் தவறு.

கரு தங்கக்கூடியது முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்திய 5 நாளும். ஒழுங்கான 28 நாள் சுற்று உள்ளவருக்கு மாதவிடாய் தொடங்கிய நாளை 1 என்று வைத்தால் அது ஏறக்குறைய 9ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை. சுற்று நீளமாகவோ குட்டையாகவோ இருந்தால் அடுத்த மாதவிடாய் எதிர்பார்க்கும் நாளிலிருந்து 14 நாளைப் பின்னோக்கி எண்ண வேண்டும். லீவு எடுப்பதைப் போயா நாளுக்கும் சம்பள நாளுக்கும் பொருத்தாமல் இந்த நாட்களுக்குப் பொருத்தி, ஒன்றுவிட்டு ஒரு நாளாவது உறவு வைக்க வேண்டும். வீட்டுக்கு வரும் மிட்வைஃபிடம் சுற்றுக் கணக்கைச் சொல்லிக் கேட்டால் நாட்களைக் குறித்துத் தருவார், இருவரையும் கிளினிக்குக்கு அனுப்புவதும் அவர் வழியாகவே நடக்கும். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் 12 மாதம் பார்க்காமல் 6 மாதத்திலேயே போக வேண்டும். கணவருக்குச் சிறுவயதில் விதை இறங்காமல் இருந்திருந்தாலோ, வாலிபத்தில் கூகைக்கட்டு வந்து விதை வீங்கியிருந்தாலோ, புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்திருந்தாலோ ஒரு மாதமும் காத்திருக்கத் தேவையில்லை.